ஒயிட்ஃபிஷ்ஷா, ட்ரவுட்டா?

அமெரிக்காவின் மொன்டானா, ஐடஹோ மாநில ஆறுகளில் தூண்டில் போடுகிற பலர் ட்ரவுட் மீனுக்காகத்தான் போகிறார்கள், நடுவில் மலை ஒயிட்ஃபிஷ் மாட்டினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றி விடுகிறார்கள். இது எனக்குப் புரிவதே இல்லை. இரண்டும் சால்மன் குடும்பம்தான், வாலுக்கு முன்னால் முதுகில் அந்தக் குட்டிக் கொழுப்புத் துடுப்பு இரண்டுக்கும் உண்டு. இன்னும் சொல்லப்போனால் எல்லோரும் கொண்டாடும் பிரவுன் ட்ரவுட், 1880களில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. ஒயிட்ஃபிஷ்தான் மண்ணின் மைந்தன்.

துள்ளலில் ட்ரவுட்தான், சரி, அதில் வாக்குவாதம் வேண்டாம். ரெயின்போ ட்ரவுட் தண்ணீருக்கு மேலே எகிறும், ஒயிட்ஃபிஷ் அடியிலேயே தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும். ஆனால் குளிர்காலத்தில் ட்ரவுட் மந்தமாகிவிடும்போதும் இது பூச்சிப் புழுக்களை மேய்ந்துகொண்டுதான் இருக்கும், அதுவும் கூட்டமாக நிற்பதால் ஒன்று மாட்டிய இடத்திலேயே அடுத்ததும் மாட்ட வாய்ப்புண்டு. வாய் மிகச் சின்னது, மூக்குக்குக் கீழே ஒதுங்கியிருக்கும்; 16, 18 அளவுப் பொடிக் கொக்கியில் கட்டிய நிம்ஃபை, அதாவது நீர்ப்பூச்சிக் குஞ்சு மாதிரி செய்த போலி இரையை, கூழாங்கற்களை உரசிப் போகிற மாதிரி ஓடவிட வேண்டும், கடி அவ்வளவு மெல்லியது, நூல் லேசாகத் தயங்கினாலே தூக்கிவிட வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சாப்பிட என்றால் புகைபோட்ட ஒயிட்ஃபிஷ்ஷுக்கே என் ஓட்டு. அப்புறம், பல ஆறுகளில் ட்ரவுட்டைவிட இதை அதிகம் எடுத்துப்போக விதி அனுமதிக்கிறது. ஆற்றுக்கு ஆறு மாறும், பார்த்துவிட்டுப் போங்கள்.