பிரஷர் கொப்பியில் தொடங்கிய எழுத்து

கஷ்டகாலத்தில் எழுதத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் மனதைக் கொட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 2022இன் தொடக்கத்திலிருந்து எழுதி வருகிறேன். எனக்கு இந்தப் பழக்கம் நிலைத்ததற்குக் காரணம், அது வேறொரு வேலைக்காகத் தொடங்கியதுதான்.

அந்த வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு. அப்பா, அம்மா, நான். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர், காலையும் பின்னேரமும் பிரஷர் பார்த்து எழுதிவைத்து கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொன்னார். வீட்டில் கிடந்த ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டேன்: திகதி, நேரம், பிரஷர், கொடுத்த மருந்து. வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அந்த ஓரத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

முதலில் "சோறு கொஞ்சம் கூடச் சாப்பிட்டார்", "இந்த மாத்திரை பாமசியில் இல்லை, பம்பலப்பிட்டியில் கேட்க வேண்டும்" என்று குறிப்புகள். சில கிழமைகளில் அது மாறியது. "160/100. கரண்ட் இல்லை. லிஃப்ட் ஓடாததால் அப்பாவைக் கீழே கொண்டுபோக முடியவில்லை. அம்மாவோடு கோபமாகக் கதைத்துவிட்டேன், அவ ஒன்றும் சொல்லவில்லை." அந்த மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. சமையல் காஸுக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு இன்னொன்று. மருந்துத் தட்டுப்பாடு வேறு. அந்த நாட்களில் யாராவது என்னிடம் வெற்றுப் பக்கத்தைத் தந்து உன் மனதில் இருப்பதை எழுது என்றிருந்தால் ஒரு வரியும் வந்திருக்காது. பிரஷர் எழுதுவது கடமை, தவறவிட முடியாது. எழுதி முடித்த பிறகும் பேனை கையில் இருக்கும். இன்னொரு வரி எழுதுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

ஓரம் போதாமல் போனதும் கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன், பள்ளிக்கூடத்தில் கணக்குச் செய்து பார்ப்பது போல. சின்ன வீட்டில் இது நல்ல ஏற்பாடு. அம்மாவுக்கு அது பிரஷர் கொப்பி, அதைத் தேவையில்லாமல் யாரும் தொட மாட்டார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா கோல் எடுத்து "அப்பா எப்படி இருக்கிறார் தங்கச்சி?" என்று கேட்டால் முன்பு "பரவாயில்லை அண்ணா" என்று சொல்லி முடித்துவிடுவேன். பிறகு முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஓரத்தில் இருந்ததையும் சேர்த்துத்தான். அதைப் படித்த பிறகு அவர் கேட்கும் விதமே மாறியது. "நேற்று நீ நித்திரை கொண்டாயா?" என்று கேட்டார். அதற்கு முதல் என்னைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

கிளினிக்கிலும் ஓரக் குறிப்புகள்தான் உதவின. பின்னேரப் பிரஷர் ஏறியிருந்த நாட்களுக்குப் பக்கத்தில் "மருந்து முடிந்துவிட்டது, கடையில் இல்லை" என்று இருந்ததை டொக்டர் கவனித்து, அப்போது கிடைக்கக்கூடிய வேறு மாத்திரைக்கு மாற்றினார். ஒரு நோயாளிக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும் இடத்தில், நடந்ததை எழுதிக்கொண்டு போவது பெரிய விஷயம்.

இதைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாட்கள் எழுத வைத்தார். தம்மைப் பாதித்த சம்பவத்தில் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் டொக்டரிடம் போனது குறைந்தது. அதேநேரம் எழுதி முடித்த உடனே அவர்களின் மனநிலை இன்னும் பாரமாகத்தான் இருந்தது. 2006இல் இப்படியான 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் சிறியது என்று வந்தது. என் அனுபவத்துக்கு இது பொருந்துகிறது. நடந்ததும் உணர்ந்ததும் ஒரே வரியில் வந்த பக்கங்கள்தான் எனக்கு ஆறுதல் தந்தன. வெறும் புலம்பலாக எழுதிய பக்கங்கள் தரவில்லை. ஒரு சொந்தக்காரரைப் பற்றிய கோபத்தை இரவிரவாக எழுதிய காலம் இருந்தது. எழுத எழுத அது வளர்ந்தது, நித்திரையும் போனது. இப்போது ஒரே விஷயம் மூன்றாம் நாளும் வந்தால் அதை விட்டுவிட்டு, நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையை எழுதுகிறேன். படுக்கைக்குப் போகும் நேரத்தில் எழுதுவதே இல்லை. பின்னேரம், தேநீர் குடித்த பிறகு, அவ்வளவுதான்.

கொப்பியா போனா என்று கேட்பார்கள். இரண்டும் பார்த்தேன். போனில் தமிழில் தட்டலாம், குரலாலும் எழுதலாம், பூட்டி வைக்கலாம், பழையதைத் தேடி எடுக்கலாம். காஸ் வரிசையில் நின்ற நேரங்களில் போன்தான் கைகொடுத்தது. ஆனால் எழுதும்போதே யாராவது மெசேஜ் அனுப்புவார்கள், கரண்ட் இல்லாத நாளில் சார்ஜையும் மிச்சம் பிடிக்க வேண்டும். கையால் எழுதும்போது என் வேகம் குறைகிறது, கோபமும் கூடவே குறைகிறது. கொப்பி என்றுதான் சொல்வேன். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். கொப்பி விலையும் ஏறியது. ஒஃபிஸில் கழித்துப்போட்ட தாள்களைக் குத்தித் தைத்து அவற்றின் பின்பக்கத்தில் எழுதினேன். அழகான டயறி எதுவும் தேவைப்படவில்லை.

2023 கடைசியில் அப்பா போய்விட்டார். பிரஷர் எழுத எதுவும் இல்லை என்றதும் எழுத்தும் நின்றது. எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு வீடு தாங்க முடியாமல் இருந்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குச் சுகர் இருப்பது தெரிந்தது. திரும்பவும் கோடு போட்டேன், திரும்பவும் ஓரம் விட்டேன். அப்பாவைப் பற்றிய வரிகள் அம்மாவின் சுகருக்குப் பக்கத்தில் வரத் தொடங்கின. பழைய கொப்பிகளை எல்லாம் வைத்திருக்கிறேன். முன்பக்கங்களைப் படிக்க முடிகிறது. பின்பக்கங்களை இன்னும் திறக்கவில்லை, அவசரமும் இல்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எழுதியும் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் கொப்பியை மூடிவிட்டு ஆளோடு கதையுங்கள். 1926 இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். 1333 என்ற ஆலோசனை இலக்கத்துக்கும் காசில்லாமல் எடுக்கலாம். நானும் ஒரு கட்டத்தில் டொக்டரிடம் போனேன். என்ன செய்கிறது என்று அவர் கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை, கொப்பியைத்தான் நீட்டினேன்.

தொடங்குவதென்றால் 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். வீட்டில் எப்படியும் எழுத வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும்: மருந்து நேரம், வீட்டுச் செலவு, பிள்ளையின் காய்ச்சல். அதை எழுதுங்கள், வலது பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள்.