வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

12,000 போய்விட்டது. ஒன்பது பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு புகைப்படக் கடையில் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினேன். இப்போது கையில் இருப்பவை பார்க்கச் சகிக்காத மூன்று டிஸ்க்குகளும் நாடா கசங்கித் திரும்பிவந்த கேசட்டுகளும்தான்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. அந்த மனிதர் ஒரு கேசட்டை எடுத்து, அதன் மூடியைத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஓரத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்துவிட்டுத்தான் போடுவேன்" என்றார். விஷயம் தெரிந்தவரின் பேச்சு. அவர் சொன்னது உண்மையும்கூட, அதுதான் எரிச்சல். 2016-இல் கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியின் தயாரிப்பே நின்றுபோன பிறகு, ஓடும் நிலையில் அந்த டெக்கை வைத்திருப்பவர் கிடைப்பதே அரிது. ஒரு கேசட்டுக்கு இரண்டு டிஸ்க் என்று பேசி 12,000-ஐ எண்ணி வைத்தேன்.

வந்தது மொத்தமே மூன்று. மூன்று மணி நேரக் கேசட்டுகள் மூன்றை ஒரே டிஸ்க்கில் திணித்திருக்கிறார். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம். இரண்டு மணி நேரம் வரை பதிந்தால் படம் படமாக இருக்கும். ஒன்பது மணி நேரத்தை அடைத்தால்? யாராவது லேசாக அசைந்தாலே முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. பழைய டிவி அளவான 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டதில் எல்லோரும் குட்டையாக, பருத்துத் தெரிகிறார்கள். அப்பா பேசி முடித்து வாயை மூடிய பிறகு அவர் குரல் வருகிறது. அந்தக் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை.

போய்க் கேட்டால், "கேசட்டே அப்படித்தான்" என்றார். அடுத்து, "உங்கள் பிளேயரில் கோளாறு." அதற்கும் அடுத்து, "மாற்றிக் கொடுத்த பையன் லீவில் இருக்கிறான்."

கேசட்டே அப்படித்தானாம்! இந்த வி.எச்.எஸ் வகைக் கேசட்டின் நாடா கெட்டிருந்தால் வெள்ளைப் புள்ளிகள் பொரியும், குறுக்கே கோடு ஓடும், படம் நடுங்கும். சதுரம் சதுரமாகச் சிதைவது நாடாவின் குற்றமே அல்ல. டிஜிட்டலாகச் சுருக்கும்போது இடத்தில் கஞ்சத்தனம் செய்ததன் அடையாளம் அது. இதைச் சொன்னதும், "எங்களுக்கே பாடமா?" என்று முறைத்தார். இப்போது ஃபோனையும் எடுப்பதில்லை. பூஞ்சை, கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. போதாதற்கு, ஒரு கேசட்டில் அறுந்த நாடாவைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டியிருக்கிறார். அதன் பசை கசிந்தால் ஓட்டும் டெக்கின் ஹெட்டும் பாழ்.

எப்படிக் கொடுக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. முதலில் முக்கியமில்லாத ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள். டிஸ்க்கை வீட்டில் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே மிச்சப் பணம். கணினிக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். நாடா ஓடும் நேரம்தான் பதியும் நேரம். என் ஒன்பது கேசட்டுகளுக்கு 27 மணி நேரம். ஒரே டெக்கை வைத்துக்கொண்டு "நாளைக்கே தருகிறேன்" என்பவரிடமிருந்து கேசட்டுகளை அப்போதே திரும்ப வாங்கிவிடுங்கள். டிஸ்க் நன்றாக வந்திருந்தாலும் மூலக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மறுபடி ஒருவரிடம் கொடுப்பதற்கு அது ஒன்றுதான் உண்டு. எனக்கு அதற்கு இன்னொரு 12,000 வேண்டும்.