ஃபோர்க்கை நிமிர்த்த மறுத்த கடை

மதுரை தெற்குவாசல் பக்கம் உள்ள இந்தச் சின்ன சைக்கிள் கடையை நம்பிப் போகலாம். பள்ளத்தில் மோதி என் மகளின் சைக்கிளில் முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, பின்பக்கம் வளைந்துவிட்டது. "நிமிர்த்திக் கொடுங்கண்ணே" என்றேன். கடைக்காரர் துணியால் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார்: ஃபோர்க் தலைக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல், அதற்குள் துரு. "வெல்டிங் வெச்சாலும் பக்கத்துல விட்டுடும் சார். ஓட்டும்போது முறிஞ்சா பிள்ளை குப்புற விழும்" என்றார். ரிம்முக்கு மட்டும் ஸ்போக் இறுக்கிக் கோட்டம் எடுத்தார். அலுமினிய ஹேண்டில்பார் வளைந்திருந்தாலும் தொடமாட்டார், மாற்றத்தான் சொல்வார். அதுதான் சரி, அலுமினியம் பெரும்பாலும் இரும்பைப் போல முன்கூட்டி அறிகுறி காட்டாது, பட்டென்று முறியும். பழைய ஃபோர்க்கை யாரும் திரும்ப மாட்டாதபடி அறுத்தே போட்டார். புதியது வரச் சில நாள் ஆகும், போன் செய்துவிட்டுப் போங்கள்.