ட்ரிப் ஆகும் நீச்சல் குளப் பம்பு: பிரேக்கரை மாற்றவா, மோட்டாரைக் கட்டவா, புதுசு வாங்கவா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளப் பம்பு அடிக்கடி ட்ரிப் ஆக ஆரம்பித்தால், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு யோசனைகள் வந்து விழும். எம்சிபியை, அதாவது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரை, பெரிதாகப் போடுங்கள் என்பார் ஒருவர். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றிக் கட்டித் தரும் வைண்டிங் கடைக்கு அனுப்புங்கள் என்பார் இன்னொருவர். அதே மாடலில் புதுசு வாங்கிவிடலாம் என்று பொருளாளர் சலித்துக்கொள்வார். அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய்த் திரும்பியவர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேரியபிள் ஸ்பீடு பம்புக்கு லிங்க் அனுப்புவார். நான்கிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்த சுவிட்ச் விழுகிறது, எப்போது விழுகிறது என்று பார்க்காமல் இவற்றின் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை.

சுமார் 1 லட்சம் லிட்டர் குளம், 1.5 எச்பி சிங்கிள் ஃபேஸ் பம்பு என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் அது 7 முதல் 9 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு. சுவிட்ச் போட்ட நொடியிலேயே எம்சிபி விழுந்தால் வைண்டிங்கிலோ கேபிளிலோ ஷார்ட் இருக்கலாம். ‘ம்ம்ம்’ என்று உறுமிவிட்டுச் சில நொடியில் விழுந்தால் மோட்டார் சுற்றவே இல்லை என்று பொருள்: மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் செத்திருக்கும், அல்லது பேரிங்கோ, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரோ இறுகியிருக்கும். அரைமணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் சூடு, லூஸ் கனெக்‌ஷன், குறைந்த வோல்டேஜ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விழுவது மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்றால் கதையே வேறு. எங்கோ மின்சாரம் கசிந்து பூமிக்குப் போகிறது. பிரேக்கர் எதுவும் விழாமல் மோட்டார் மட்டும் நின்று, ஆறியதும் தானே ஓடுகிறதா? அது மோட்டாருக்குள் இருக்கும் தெர்மல் பாதுகாப்பின் வேலை. அதைப் பிரேக்கர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி, எல்லாருக்கும் பிடித்த மலிவான வழி. எம்சிபி காப்பாற்றுவது முதலில் கம்பியைத்தான். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஓடும் இடத்தில் 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டால் ட்ரிப் நின்றுவிடும், உண்மைதான். அதன்பின் சூடாவது சுவருக்குள் இருக்கும் கம்பி. எலக்ட்ரீஷியன் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொடுப்பார், அதுதான் இதன் கவர்ச்சி.

ஆனாலும் பிரேக்கர் மாற்றமே சரியான தீர்வாகும் இடங்கள் உண்டு. வீட்டு விளக்குகளுக்கான பி வகை எம்சிபியை மோட்டாருக்குப் போட்டிருப்பார்கள். அது தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும். 16 ஆம்பியர் பி வகைக்கு அந்த எல்லை 48 ஆம்பியரிலேயே தொடங்கிவிடுகிறது. நம் மோட்டார் கிளம்பும்போது இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே 16 ஆம்பியரில் சி வகை போட்டால் எல்லை 80-க்கு மேல் போய்விடும், கம்பிக்கான பாதுகாப்பும் குறையாது. இன்னொன்று வெயில். எம்சிபிகள் 30 டிகிரி சூட்டை வைத்து அளவிடப்படுபவை. மே மாத வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் 10 ஆம்பியர் எம்சிபி 9 ஆம்பியர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்காது. பெட்டிக்கு நிழல் கொடுங்கள். கம்பி தாங்குமென்றால் 16-க்குப் போகலாம். டெர்மினல் திருகு லூசாகிக் கருகியிருந்தாலும் இதே மாதிரிதான், ஓடி ஓடிப் பிறகு விழும்.

ஆர்சிசிபி விஷயத்தில் மட்டும் பேரத்துக்கு இடமே இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுவதை எடுத்துவிட்டு 100-இல் விழுவதைப் போடுவதும், நேராக பைபாஸ் செய்வதும் நடக்கிறது. தண்ணீருக்குள் குழந்தைகள் நிற்கும் இடம் அது. கசிவு எங்கே என்று தெரியும்வரை பம்பையும் ஓட்டக்கூடாது, குளத்திலும் யாரும் இறங்கக்கூடாது.

அடுத்தது ரிப்பேர். என் ஓட்டு பெரும்பாலும் இதற்கே, ஆனால் பாதித் தூரம் வரைதான். கெப்பாசிட்டர் சின்னச் செலவு. அதன் மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவை மீட்டரில் சரிபார்த்தால் போதும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் இருக்கும் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. அதற்கடுத்த குற்றவாளி மெக்கானிக்கல் சீல். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே தண்ணீரைத் தடுப்பது அது. தேய்ந்தால் ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசிந்து முன்பக்கப் பேரிங்கைத் துரு ஏற்றும். பேரிங் கத்தும். அப்புறம் ஈரம் வைண்டிங்குக்கு ஏறி ஆர்சிசிபியை விழவைக்கும். பம்புக்கு அடியில் எப்போதும் ஒரு சின்ன ஈரத் திட்டு இருந்தால் ஆரம்பம் அங்கேதான். அந்த நிலையிலேயே சீலையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டால் பல வருடம் ஓடும். சீலை மட்டும் மாற்றிப் பழைய பேரிங்கை விட்டுவைப்பது வீண், பேரிங் ஆடினால் புது சீலும் சீக்கிரம் போய்விடும்.

‘ஃபில்டர் அடைத்துக்கொண்டது, அதனால் லோடு ஏறி ட்ரிப் ஆகிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். குளப் பம்பு போன்ற சென்ட்ரிஃப்யூகல் பம்பில் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் க்ளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு வெளியேறும் வால்வை மெல்ல மூடிப் பாருங்கள், ஆம்பியர் இறங்கும். ஃபில்டரைக் கழுவ வேண்டியதுதான், ஆனால் ட்ரிப்புக்குக் காரணம் அது அல்ல. இம்பெல்லரில் முடியும் இலையும் சிக்கிச் சுற்றுவதே தடைபட்டால் மட்டும் ஆம்பியர் ஏறும்.

வைண்டிங்கே போய்விட்டால்? மின்கசிவைத் தடுக்கும் காப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரில் வைண்டிங்குக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை ஓட்டக்கூடாது. வெறும் ஈரமென்றால் உலர்த்திவிட்டு மறுபடி அளக்கலாம். எரிந்திருந்தால் காயில், அதாவது அந்தக் கம்பிச் சுருள், புதிதாகக் கட்ட வேண்டும். மோட்டார்த் தொழிலில் ஊறிய கோயம்புத்தூர் போன்ற ஊரில் நல்ல கைக்குப் பஞ்சமில்லை. அதே கேஜ் செம்புக் கம்பி, அதே சுற்றுகள், நன்றாக வார்னிஷ் ஏற்றி உலர்த்தல், இந்த மூன்றும் கிடைத்தால் காயில் கட்டுவதில் குறையில்லை. கிணற்று மோட்டாருக்கு நான் யோசிக்காமல் கட்டக் கொடுப்பேன். குளத்துப் பம்பு மோட்டார் மூடிய உடம்புக்காரன், ஈரத்துக்கும் க்ளோரின் காற்றுக்கும் நடுவே வாழ்பவன். பிரித்து மாட்டும்போது பழைய கேஸ்கெட்டோடு அனுப்பிவிட்டால் அடுத்த மழையில் அதே ஆர்சிசிபி விழும். அதனால் ஐந்தாறு வருடம் ஓடிய மோட்டாரில் காயிலும் எரிந்து பேரிங்கும் போயிருந்தால், கட்டும் கூலியைப் புதுசில் போடுவதே மேல்.

அதே மாடல் புதுசு என்பது குழப்பமில்லாத வழி. பைப் வேலை இல்லை, ஒரு காலையில் முடிந்துவிடும். ஆனால் பம்பு அறையின் பிரச்சினைகள் புதுசோடும் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரோக்ளோரிக் ஆசிட் கேனை அதே அறையில் வைத்திருந்தால் அதன் ஆவி டெர்மினல்களைப் பச்சையாக்கிவிடும். மாலை வோல்டேஜ் 190-க்கு இறங்கும் இடத்தில் புது மோட்டாரும் கூடுதல் ஆம்பியர் இழுத்துத்தான் சூடாகும். தரையில் கிடக்கும் டேப் சுற்றிய ஜாயின்ட் கசிந்தால் எத்தனை பம்பு மாற்றினாலும் ஆர்சிசிபி விழும். வாங்குவதற்கு முன் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கேபிளை மட்டும் மெக்கர் பாருங்கள். புதுசு வாங்கும் செலவே மிஞ்சக்கூடும். ‘எடுப்பதுதான் எடுக்கிறோம், 2 எச்பி எடுத்துவிடலாம்’ என்ற ஆசையும் வேண்டாம். மணல் ஃபில்டருக்கு ஒரு ஓட்ட அளவு உண்டு, அதைத் தாண்டித் தள்ளினால் அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு குளத்துக்கே திரும்பும்.

வேரியபிள் ஸ்பீடு பம்பின் வாதம் பலமானது. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், தேவைப்படும் சக்தியோ எட்டில் ஒரு பங்காகும். முழு வேகத்தில் 1.5 கிலோவாட் இழுத்து 6 மணி நேரம் ஓடினால் 9 யூனிட். பாதி வேகத்தில் 12 மணி நேரம் ஓட்டி அதே தண்ணீரைச் சுற்ற, இழப்புகளையும் சேர்த்து 3 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 180 யூனிட் மிச்சம். குடியிருப்பின் பொது இணைப்பில் 100 யூனிட் இலவசமும் கிடையாது. அமெரிக்காவில் 2021 ஜூலையில் அமலுக்கு வந்த ஆற்றல் துறை விதி, ஓரளவு பெரிய குளப் பம்புகளை இந்தப் பக்கம் தள்ளியது இந்தக் கணக்கால்தான். மெதுவாகக் கிளம்புவதால் ஸ்டார்ட்டிங் ட்ரிப்பும் போய்விடும்.

ஆனால் ட்ரிப் தொல்லைக்கு மருந்தாக மட்டும் இதை வாங்காதீர்கள். இதற்குள் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் பகுதியான டிரைவ் தன் இயல்பிலேயே கொஞ்சம் மின்சாரத்தைப் பூமிக்குக் கசியவிடும். பல பழைய போர்டுகளில் இருப்பது ஏசி வகை ஆர்சிசிபி. டிரைவ் உண்டாக்கும் கசிவை அது சரியாக உணராது, சில நேரம் வீணாக விழும், சில நேரம் விழவேண்டிய இடத்தில் விழாது. ஆர்சிசிபியின் ஏ, எஃப், பி வகைகளில் எது வேண்டும் என்று பம்பின் கையேட்டிலேயே போட்டிருக்கும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். புழுக்கமான நிலவறை பம்பு ரூமும் ஏறி இறங்கும் வோல்டேஜும் எலக்ட்ரானிக் போர்டுக்கு ஆகாது. போர்டு போனால் மூலைக்கடையில் கட்ட முடியாது. தினமும் ஓடும் குடியிருப்புக் குளத்துக்கும் ஓட்டல் குளத்துக்கும் இது லாபம். வாரக் கடைசியில் மட்டும் ஆள் வரும் பண்ணை வீட்டுக்குச் சாதாரணப் பம்பே போதும்.

எந்த வழிக்குப் போனாலும் கொட்டேஷனில் மூன்று அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள்: ஓடும்போது ஆம்பியர், அப்போதைய வோல்டேஜ், மோட்டாருக்கும் கேபிளுக்கும் தனித்தனியாக மெக்கர் அளவு. அளக்காமலே ‘மோட்டார் போச்சு சார்’ என்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.