பக்சில்லா: வழு அறிக்கையை யாரிடம் ஒப்படைப்பது?

பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான எழுத்துப் பயிற்சிச் செயலி ஒன்றைத் திறந்த மூல மென்பொருளாக உருவாக்கிவரும் எங்கள் குழு, வழுக்களை, அதாவது மென்பொருள் பிழைகளைப் பற்றிய அறிக்கைகளைப் பதிந்து கண்காணிக்க உதவும் பக்சில்லா என்ற மென்பொருளை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. குழுவில் இருக்கும் எழுவரில் நால்வர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவு உணவுக்குப் பின் நிரல் எழுத உட்காருபவர்கள். ஓர் அறிக்கை தவறான கைக்குப் போய்விட்டால் எங்களுக்கு வாரக்கணக்கில் காலம் வீணாகிவிடும் என்பதால், வழுக்களை ஒப்படைக்கும் வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா திட்டத்துக்காக 1998-இல் உருவான பக்சில்லா, பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, கட்டணம் இல்லை. தோற்றத்தில் பழமை தெரிந்தாலும் வேலையில் குறையில்லை. மென்பொருளைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முன்னிருப்புப் பொறுப்பாளரை, அதாவது வேறு யாரையும் குறிக்காதபோது தானாகவே பொறுப்பேற்பவரை நியமிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை ஏற்பாடு. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. அறிக்கை எழுதுபவர் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்த உடனே பொறுப்பாளரும் முடிவாகிவிடுகிறார். கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கும் இந்த ஏற்பாட்டில்தான் நாங்கள் சிக்கிக்கொண்டோம்.

கெடா மாநிலத்து ஆசிரியை ஒருவர், தடித்த எழுத்தில் ‘நூலகம்’ என்று தட்டச்சு செய்யும்போது ‘நூ’ மட்டும் உடைந்து, நகரமும் ஊகாரக் குறியும் தனித்தனியே நிற்பதாகப் படத்துடன் எழுதியிருந்தார். தட்டச்சு செய்யும்போது கண்ட பிழை என்பதால் ‘விசைப்பலகை’ என்ற பகுதியை அவர் தேர்ந்தெடுத்தது முற்றிலும் இயல்பு. அறிக்கை விசைப்பலகைப் பொறுப்பாளரின் பெயரில் போய் அமர்ந்தது. அவரோ அப்போது வேலை மாறி, வீடும் மாறிக்கொண்டிருந்தார். உண்மையில் பிழை எழுத்துருவில் இருந்தது; நகரத்தையும் ஊகாரக் குறியையும் இணைத்து ஒரே வடிவமாகக் காட்டும் விதி, தடித்த எழுத்துருவின் அட்டவணையில் விடுபட்டுப் போயிருந்தது. அதைச் சேர்க்க அரை மணி நேரம் போதும். ஆனால் அறிக்கை மூன்று மாதம் அப்படியே கிடந்தது. எழுத்துரு வேலை தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் முதல் வாரமே அதைப் படித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் தொடவில்லை என்று கேட்டபோது, “அதுல அவர் பேர் இருந்துச்சு அண்ணே, அவர் பாத்துக்கிட்டு இருப்பாருன்னு நினைச்சேன்” என்றார்.

அவர்மேல் தவறில்லை. ஒருவர் ஏற்றுக்கொள்ளாமலே அவர் பெயரை எழுதிவைத்தால், அந்தப் பெயர் வேலை செய்யக்கூடிய மற்றவரைத் தடுத்து நிறுத்தும் வேலியாகிவிடுகிறது. மொசில்லாவில் பொறுப்பாளர் இல்லாத அறிக்கைகள் ‘யாருமில்லை’ என்ற பொருள்படும் பொதுக் கணக்கின் பெயரிலேயே இருக்கும். வந்த அறிக்கைகளைப் படித்துத் தரம்பிரிக்க ஒவ்வொரு பகுதிக்கும் வேறொருவர் இருப்பார். பார்ப்பவர் ஒருவர், திருத்துபவர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினையை நாங்களும் கடைப்பிடித்தோம். எல்லாப் பகுதிகளுக்கும் ‘யாருமில்லை’ என்ற கணக்கையே முன்னிருப்பாக வைத்து, அந்தந்தப் பகுதியை அறிந்தவர்களை மின்னஞ்சல் நகல் பட்டியலில் சேர்த்தோம். பகுதிவாரியாக அந்தப் பட்டியலை அமைக்கப் பக்சில்லாவிலேயே இடம் உண்டு. முறை வைத்து வாரம் ஒருவர் புதிய அறிக்கைகளைப் படிக்கிறார். திருத்த முன்வருபவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்கிறார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுதி செய்யப்பட்ட ஓர் அறிக்கை 7 நாள் தொடப்படாமல் கிடந்தால் பொறுப்பாளருக்கு நினைவூட்டல் அனுப்பும் வசதி பக்சில்லாவில் இருக்கிறது. நாள் கணக்கை மாற்றலாம், அன்றாடம் ஓடும் ஒரு பணியை வழங்கியில் (பக்சில்லா இயங்கும் சர்வர் கணினியில்) தனியே அமைக்க வேண்டும். பொதுக் கணக்கை முன்னிருப்பாக வைத்த பின் அந்த நினைவூட்டல்கள் எல்லாம் ஆளில்லாத அஞ்சல்பெட்டிக்குப் போயின. அந்தப் பெட்டியை வாரப் பொறுப்பாளரின் முகவரிக்குத் திருப்பிய பிறகே ஏற்பாடு முழுமையானது.

அறிக்கைகள் கைமாறி அலைவது பெரிய திட்டங்களிலும் நடப்பதுதான். நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் மென்பொருள், மொசில்லா ஆகியவற்றின் வழு அறிக்கைகளை ஆராய்ந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், 37 முதல் 44 விழுக்காட்டு அறிக்கைகள் ஒருமுறையாவது வேறொருவருக்கு மாற்றப்பட்டிருந்தன. லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் பொதியின் (நிறுவுவதற்கெனத் தொகுத்த மென்பொருளின்) பெயரைக் குறித்தால் அதன் பராமரிப்பாளருக்கே அறிக்கை போய்ச் சேரும். பொதிக்குப் பொதி உரியவர் தெளிவாக இருப்பதால் அங்கே அது பொருந்துகிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கோப்புகளுக்கு உரியவர்களைப் பட்டியலிடும் வசதி நிரல் மாற்றங்களைச் சரிபார்க்க ஆளை அழைக்குமே தவிர, வழு அறிக்கையை ஒருவரிடம் ஒப்படைக்காது. இதைத் தெரியாமல் அதை நம்பிப் போனவர்களை நான் அறிவேன்.

பத்துப் பேருக்குள் இருக்கும் தன்னார்வக் குழுவுக்கு, வழங்கியைப் பராமரிக்க ஒருவர் கிடைப்பாரானால், பக்சில்லாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிறுவும் நாளிலேயே முன்னிருப்புப் பொறுப்பாளர் கட்டத்தில் நண்பர்களின் பெயர்களை இடாமல் பொதுக் கணக்கை இட்டுவிடுங்கள். ஆசிரியர்களுக்குக் காட்டும் பகுதிப் பட்டியலில் ‘எதுவெனத் தெரியவில்லை’ என்ற பகுதியையும் சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு வரும் நல்ல அறிக்கைகளில் பல இப்போது அதன் வழியாகத்தான் வருகின்றன.