படங்கள் திரும்பி வந்தன, பெயர்கள் வரவில்லை

குடும்பப் படங்களைத் திருத்தவும் ஒழுங்குபடுத்தி வைக்கவும் மாதச் சந்தா மென்பொருளில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் படங்கள் அதிகம். தாத்தா காலத்து ஆல்பங்கள் மூன்று. கறுப்பு அட்டையில் நான்கு மூலையும் செருகி, பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைத்தவை. அப்பா யாஷிகாவில் எடுத்த நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. அதற்குப் பிறகு என் டிஜிட்டல் கேமரா, எல்லோருடைய செல்போன். 2023 தீபாவளி விடுமுறையில் பழையவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து முடித்தபோது மொத்தம் 31,000 படங்கள் சேர்ந்திருந்தன. அதில் ஸ்கேன் செய்தவை மட்டும் 900 சொச்சம்.

முன்பெல்லாம் பிகாசா என்ற இலவசப் பட மென்பொருளில் வைத்திருந்தேன். 2016-ல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. அப்புறம் கூகுள் போட்டோஸ். 2021 ஜூன் 1 முதல் அங்கேயும் அளவில்லா இலவசம் போய், மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் என்றாகிவிட்டது. இரண்டு முறை பட்டதும், இலவசத்தை நம்பியதால்தான் இந்தப் பாடு, காசு கொடுத்தால் நிலைக்கும் என்று நானாக முடிவு கட்டினேன். அது தப்புக் கணக்கு. ஆப்பிளின் அப்பர்ச்சர் என்ற பட மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான். அதன் விற்பனையையும் 2015-ல் நிறுத்திவிட்டார்கள். இதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

2024 பொங்கல் கழிந்த வாரம் அந்த மென்பொருளில் சேர்ந்தேன். ஏழு நாள் இலவசம், பிறகு மாதம் 780 ரூபாய், கிளவுடில் ஒரு டிபி இடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இலவச நாட்களுக்கும் கார்டு எண் கேட்டார்கள். கொடுத்தேன், ஓடிபியும் போட்டேன். அந்தப் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது: ‘ஆண்டுத் திட்டம், மாதத் தவணை’. மாதாமாதம் பணம் போனால் எந்த மாதம் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 920 ரூபாய் 40 காசு போனது.

மென்பொருள் நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மங்கிய படங்களைத் தெளிவாக்கியது, ஒரே முகத்தை ஐம்பது படங்களிலிருந்து தேடி எடுத்து ‘இவர் யார்?’ என்று கேட்டது. அந்தக் கேள்விதான் என்னை இழுத்துப் போட்டது.

மாசியும் பங்குனியும் சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மாவும் பெரியம்மாவும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். 1971-ல் லால்குடியில் நடந்த ஒரு கல்யாணத்துப் பந்தல் படம் மட்டும் மூன்று நாள் எடுத்தது. நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒரு பெண். அம்மா அது சரோஜா சித்தி என்றாள், பெரியம்மா இல்லவே இல்லை என்றார். நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். “கால்ல மெட்டி இருக்கு பாரு. சரோஜாவுக்கு அப்போ கல்யாணம் ஆகல. இது அவ நாத்தனாரா வரப்போறவ, ஆங்கரைக்காரி” என்றார். ஒரு மெட்டியை வைத்து ஆளையும் பிடித்து உறவையும் சொல்லிவிட்டார். அந்த மாதிரி 340 பேருக்குப் பெயர் போட்டோம். ஸ்கேன் செய்த படங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் 2023 என்றே தேதி காட்டும். அவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் வருஷத்தையும் மாற்றினேன்.

வைகாசியில் பெரியம்மா தவறிவிட்டார். மாரடைப்பு, ஒரே நாளில்.

ஜூனில்தான் சந்தாவை நிறுத்த நினைத்தேன். காரணம் சாதாரணமானது: என் லேப்டாப் சின்னது என்பதால் அந்த மென்பொருள் அசல் படங்களைக் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் சின்னப் பிரதிகளை மட்டும் வைத்திருந்தது. நெட் இல்லாத நேரத்தில் ஒரு படத்தை முழு அளவில் திறக்க முடியவில்லை. என் வீட்டுப் படத்தைப் பார்க்க நான் நெட்டுக்குக் காத்திருப்பதா என்று எரிச்சல் வந்தது. பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ரத்து செய்யும் பொத்தானைக் கண்டுபிடிக்கவே நேரமானது. கணக்கு, திட்டம், திட்டத்தை நிர்வகி, ஏன் போகிறீர்கள், இரண்டு மாதம் இலவசம் தரட்டுமா, என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திரைகள். கடைசித் திரையில்தான் அந்தத் தொகை வந்தது. ஐந்து மாதம் கட்டியாயிற்று, மீதி ஏழு மாதத்துக்கு 5,460 ரூபாய், அதில் பாதி 2,730, ஜிஎஸ்டியோடு 3,221 ரூபாய் 40 காசு. முன்கூட்டியே விலகும் கட்டணமாம். சாட்டில் கேட்டேன். “நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறையில் இருக்கிறது மேடம்” என்று ஒரே பதிலை நான்கு விதமாக எழுதினார்கள். சரி, போகட்டும் என்று கட்டினேன். 30 நாளுக்குள் படங்களை டவுன்லோட் செய்துகொள்ளலாம் என்றார்கள். 210 ஜிபி. எங்கள் தெரு நெட்டில் ஆறு இரவுகள் ஆயின. எண்ணிப் பார்த்தேன், 31,000 படமும் இருந்தது. நிம்மதியாக இருந்தேன்.

இந்த இடத்தில்தான் ஏமாந்தேன். ஆடி மாதம் அம்மா அந்த லால்குடிப் படத்தைக் கேட்டாள். புது ஹார்ட் டிஸ்கிலிருந்து திறந்தேன். படம் இருந்தது. பெயர் ஒன்றுகூட இல்லை. தேதி 2023.

ஏன் என்று தெரிந்துகொள்ளப் பல இரவுகள் உட்கார்ந்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், சந்தா கட்டும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். நாம் ஒரு படத்துக்குப் போடும் பெயர், வருஷம், குறிப்பு எல்லாம் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கலாம். ஒன்று, படக் கோப்புக்குள்ளேயே. அதற்கென்று ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற பொது முறைகள் இருக்கின்றன. எக்ஸ்எம்பி 2012 முதல் ஐஎஸ்ஓ தரமாகவே இருக்கிறது. அப்படி எழுதினால் படம் எங்கே போனாலும் பெயர் கூடவே போகும். இன்னொன்று, அந்த மென்பொருளின் சொந்தத் தரவுத்தளம். அங்கே இருந்தால் மென்பொருளை விட்டு வெளியே வந்ததும் பெயர் அங்கேயே தங்கிவிடும். நான் சேர்ந்த மென்பொருள் முகப் பெயர்களையும் மாற்றிய தேதிகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. ‘படத்திலும் எழுது’ என்று ஒரு அமைப்பு இருந்ததாம். குறிப்புகளுக்கும் தேதிக்கும் மட்டும். அதையும் அணைத்தே வைத்திருந்தார்கள்.

திருத்தங்களுக்கும் இதே கதைதான். ராவ் படத்தில், அதாவது கேமரா பதிவு செய்த கச்சா வடிவத்தில், நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டினால் படம் மாறுவதில்லை. ‘வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு’ என்ற கட்டளைதான் பதிவாகிறது. ஒரு மென்பொருளின் கட்டளை இன்னொன்றுக்குப் பெரும்பாலும் சரியாகப் புரியாது. திருத்திய வடிவம் வேண்டுமென்றால் எல்லா மென்பொருளும் திறக்கும் ஜேபெக், டிஃப் மாதிரியான வடிவில் வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

சாட்டில் மறுபடி கேட்டேன். திரும்பச் சேர்ந்தால் பழைய நூலகம் வந்துவிடும் என்று ஒருவர் எழுதினார். மறுபடி 920 ரூபாய் 40 காசு கட்டினேன். உள்ளே போனால் வெறும் திரை: ‘உங்கள் முதல் படத்தைச் சேர்க்கவும்.’ 30 நாள் கடந்ததால் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது என்று அடுத்த நாள் வேறொருவர் சொன்னார். முதலாமவர் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறார். 14 நாளுக்குள் ரத்து செய்ததால் அந்தப் பணம் மட்டும் திரும்பியது.

கோபத்தில் 1915-க்கு அழைத்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிவு செய்துகொண்டு ரசீது எண் கொடுத்தார்கள். 2023 நவம்பர் 30-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகள் குறித்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. மொத்தம் 13 வகை, அதில் ‘சந்தாப் பொறி’ ஒன்று. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, ரத்து வழியை மறைப்பது, இலவசச் சந்தாவுக்கே கார்டு விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பது எல்லாம் அதற்குள் வருகிறது. இதைச் சொல்லி, அந்தத் திரைகளின் ஸ்கிரீன்ஷாட்களை இணைத்து எழுதினேன். மூன்று வாரத்தில் விலகும் கட்டணம் முழுவதும் கணக்குக்குத் திரும்பி வந்தது. உங்களுக்கும் நடந்தால் சும்மா விடாதீர்கள், ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து வையுங்கள்.

கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி விதிப்படி மாதாமாதம் தானாகப் போகும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வர வேண்டும், அந்த அனுமதியை நாமே ரத்து செய்யவும் வழி இருக்க வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை நான் ஐந்து மாதமும் பார்க்காமலே தள்ளிவிட்டேன். ஆனால் வங்கியில் நிறுத்தினால் பணம் போவதுதான் நிற்கும், ஒப்பந்தம் முடிந்ததாக ஆகாது. இரண்டையும் தனித்தனியாக முடிக்க வேண்டும்.

சந்தாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தொழில் செலவு; வேலை வேகமாக முடிகிறது, ஆல்பத்தைக் கொடுத்ததும் அந்தப் படங்களோடு உறவு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வீட்டுப் படங்கள் அப்படியில்லை. நம் பேரப்பிள்ளைகள் திறக்கும்போதும் அதில் பெயர் இருக்க வேண்டும். அதுவரை தவணை கட்டிக்கொண்டே இருக்க முடியுமா?

எனவே இலவச நாட்களில் என்னைப் போல மொத்தப் படத்தையும் ஏற்றாதீர்கள். இருபது படம் போதும். அதில் பெயர் போடுங்கள், தேதி மாற்றுங்கள், ஒன்றிரண்டைத் திருத்துங்கள். அப்புறம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். பெயர் வந்ததா, தேதி வந்ததா? வரவில்லை என்றால் அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். அசல் படங்களின் ஒரு பிரதி எப்போதும் உங்கள் கைவசம் உள்ள டிஸ்கில் இருக்கட்டும், இடம் மிச்சம் என்று எந்த மென்பொருள் சொன்னாலும்.

நான் இப்போது டிஜிகேம் பயன்படுத்துகிறேன். இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸிலும் ஓடுகிறது. அமைப்புகளில் போய், முகப் பெயர்களைப் படத்துக்குள் எழுதும்படி செய்துகொண்டேன். ராவ் படங்களைத் திருத்த டார்க்டேபிள் என்ற மென்பொருள்; அது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி கோப்பை வைத்துவிடுகிறது. இரண்டும் பழக நாளாகும், தமிழில் வழிகாட்டிகள் குறைவு. ஆனாலும் முடிகிறது.

அம்மாவுக்குப் போன மாதம்தான் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது. இப்போது தினம் அரை மணி நேரம் உட்காருகிறாள். 340-ல் 290 பேருக்கு மறுபடி பெயர் போட்டுவிட்டோம். ஆங்கரைக்காரியின் பெயர் அம்மாவுக்கு நினைவு வரவில்லை. பெரியம்மா சொன்னது ‘க’வில் தொடங்கும் என்று மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நேற்று ஆங்கரையில் ஒரு தூரத்து உறவுக்குப் போன் போட்டோம். அவர்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பந்தல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அந்தப் பெண்ணின் காலருகே பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு இன்று தபாலில் அனுப்பினேன்.