இரும்பா, சில்வரா, நீலப் பரலா: யாழ்ப்பாணத்தில் கவசம் கட்டிய கதை

எங்கள் வளவில், மாமரத்துக்குப் பக்கத்தில், இடுப்போடு அறுத்த நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரல் ஒன்று நிற்கிறது. அந்தக் கீழ்ப்பாதியில் அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறா. மேல்பாதி என்னுடைய மார்புக் கவசமாகிவிட்டது. இந்த முடிவுக்கு வர எனக்கு இரண்டு மழைக்காலமும் ஒரு துருப்பிடித்த தலைக்கவசமும் தேவைப்பட்டன. இனி யாராவது இங்கே கவசம் போட்டு வாளடிக்கும் இந்த விளையாட்டைத் தொடங்க நினைத்தால் அந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த விசரைக் கொண்டுவந்து இறக்கியவன் ஸ்காபரோவிலிருந்து லீவில் வந்த மச்சான். அவன் ஆடுவது எஸ்.சி.ஏ. (Society for Creative Anachronism) முறை, பழைய ஐரோப்பிய வாழ்க்கையையும் வாட்போரையும் திரும்ப நடத்திப் பார்க்கிறவர்கள். 1966 இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய அமைப்பு அது. உலகத்தைத் தங்களுக்குள் இராச்சியங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மச்சானுடைய ஒன்டாரியோவுக்கு ஈல்டர்மியர் என்று பெயர். அங்கே வாள் என்பது பிரம்பு. ஆம், நாங்கள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அதே பிரம்புதான், ஆனால் ஒன்றேகால் அங்குல மொத்தத்தில், மேலே டேப் சுற்றியது. மரத்தடி முறிந்தால் சிலாம்பு பறக்கும். பிரம்பு அப்படி முறியாது, தும்பு தும்பாகப் பிரியும். அதனால்தான் அதைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். அடி பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் அடி வாங்கியவனே. கையில் பட்டால் அந்தக் கையை இழந்தான், தொடையில் பட்டால் முழங்காலில் இருந்தபடி ஆட வேண்டும், முழங்காலுக்குக் கீழே அடியே கிடையாது.

வேறு வழிகளும் உண்டு. புஹூர்ட் என்பது மழுக்கிய உண்மையான இரும்பு ஆயுதங்களோடு கும்பலாக மோதுவது. விழுந்தவன் வெளியே. 2010 இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் தொடங்கிய 'நாடுகளின் போர்' போட்டி அந்த வகை. அதற்கு இருபத்தைந்து, முப்பது கிலோ உலோகம் போட வேண்டும், பிளாஸ்டிக்கோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கனவு உள்ளவர்கள் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, நேரே நல்ல உருக்குக்குப் போங்கள். பழைய வாட்போர் ஏடுகளைப் பார்த்துப் பயிலும் ஹெமா என்ற முறைக்கு வலை முகமூடியும் தடித்த சட்டையும் போதும். எங்கள் வெயிலுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எனக்குக் கவசம் வேண்டும், அதற்கு நியாயம் சொல்லத் தெரியவில்லை.

சரி, பிரம்படிக்கான கவசத்தை எதில் செய்வது? இங்கே கைக்கு எட்டுகிறவை மூன்று: சாதாரண இரும்புத் தகடு, சில்வர் என்று நாங்கள் சொல்லும் துருப்பிடியாத உருக்கு, பரல் பிளாஸ்டிக்.

பாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1.6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றருக்குப் பன்னிரண்டரைக் கிலோ. சில்வரும் கிட்டத்தட்ட அதேதான், ஒரு சொட்டுக் கூடுதல். நாலரை மில்லிமீற்றர் பரல் பிளாஸ்டிக் நாலேகால் கிலோ. உடம்புக்கு அரைச் சதுர மீற்றர் பிடித்தால் ஆறு கிலோவா இரண்டு கிலோவா என்பதுதான் கேள்வி. வைகாசி வெயிலில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பார்வைக்கும் சத்தத்துக்கும் இரும்புதான் ராசா, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிரம்பு இரும்பில் விழும்போது வரும் ஓசைக்காகவே ஒருவன் இரும்பு வாங்கலாம். பரலில் விழுந்தால் வாளியில் அடித்த சத்தம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானித்தது துரு.

தலைக்கவசம் மட்டும் எப்படியும் உலோகத்தில்தான் இருக்க வேண்டும், குறைந்தது 1.6 மில்லிமீற்றர். முகக்கம்பிகளுக்கு இடையில் ஓரங்குலத் தடி நுழையக் கூடாது. உள்ளே அரை அங்குலத்துக்குக் குறையாத பஞ்சணை. மச்சான் அனுப்பிய அளவுகளோடு கேற் அடிக்கும் பட்டறை ஒன்றில் சாதாரண இரும்பில் ஒன்று செய்வித்தேன். வடிவாகத்தான் வந்தது. முதல் ஞாயிறு ஆடிவிட்டு வந்து, வேர்வையைத் துணியால் துடைத்து, சாமி அறைக்குப் பக்கத்து றாக்கையில் வைத்தேன். புதன்கிழமை எடுத்தபோது நெற்றியில் சந்தனம் பூசியது போல ஒரு மஞ்சள் படலம்.

யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் இருந்தாலும் சைக்கிளில் போய்க் கடலையோ கடல்நீரேரியையோ தொட்டுவிடலாம். சோளகம் வீசுகிற மாதங்களில் உப்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இரும்பில் படிந்த உப்பு சும்மா இருக்காது. ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதற்கும் வெகு முன்னாலேயே நனைந்துவிடும். இரவில் அந்த அளவு ஈரம் இங்கே சாதாரணம். ஆக, மழையே பெய்யாவிட்டாலும் தகட்டின் மேல் ஒரு மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம் நின்றுகொண்டே இருக்கும்.

பிறகு என் மடத்தனம். கழுவினால் உப்புப் போகும் என்று கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். எங்கள் கிணறு உவர். குளிக்க ஆகும், குடிக்க மாட்டோம். உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன் என்பது அடுத்த கிழமை செந்நிறமாகத் தெரிந்தது. இப்போது தலைக்கவசத்துக்கென்று நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவருகிறேன். வீட்டில் இதைப் பற்றி வரும் பகிடிகளை இங்கே எழுதவில்லை.

மயிலிட்டிப் பக்கம் படகு எஞ்சின் பார்க்கிற ஒரு ஐயாவிடம் கேட்டபோது அவர் சொன்னது: “தம்பி, கடல் தண்ணியை விட வேர்வைதான் பொல்லாதது. கடல் தண்ணியெண்டா கழுவோணும் எண்டு எல்லாருக்கும் தெரியும். வேர்வையை ஆர் கழுவுறாங்கள்?” அவர் சொன்ன ஒழுங்கைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன்: நல்ல தண்ணீர், உடனே துடைப்பு, அரை மணித்தியாலம் வெயில், சூடு ஆறும் முன்னர் எண்ணெய்.

எண்ணெயிலும் பாடம் படித்தாயிற்று. தேங்காய் எண்ணெய் பூசினால் காறல் மணம் வரும், எறும்பும் வரும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் நல்லது, ஆனால் பத்து நாளுக்கு மேல் நிற்காது. கிறீஸ் நிற்கும், ஆனால் அதைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடிப் பாருங்கள். வெளிப்புறத்தைக் கறுப்புப் பெயின்ற் அடித்தது ஓரளவு கைகொடுத்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பழைய ஐரோப்பாவிலேயே சாதாரணச் சிப்பாய்களின் கவசங்களைக் கறுப்படித்துத்தான் வைத்திருந்தார்கள். சங்கிலிக் கவசத்தை மணலும் வினாகிரியும் போட்டுப் பீப்பாவில் உருட்டித் துலக்கினார்களாம். அதைச் செய்ய அவர்களுக்குப் பெடியன்கள் இருந்தார்கள். எனக்கு நான் மட்டும்தான்.

எண்ணெய் போகாத இடங்கள்தான் உண்மையான தலைவலி. தறையாணியின் அடி, தோல் வாருக்கும் தகட்டுக்கும் இடையிலான பொத்து, ஒரு தகடு இன்னொன்றின் மேல் ஏறும் விளிம்பு. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளேயிருந்து தள்ளித் தகட்டை நெம்பும். மார்கழியில் வார்களில் பூஞ்சணம் வேறு. ஒரு தலைக்கவசத்துக்கே ஞாயிறு பின்னேரம் முழுக்கப் போகிறது என்றால் மார்பு, தோள், தொடை எல்லாம் இரும்பில் இருந்தால் நான் ஆடுவது எப்போது? 1560 இலும் 1591 இலும் கடைசியாக 1619 இலும் இங்கே வந்திறங்கிய போர்த்துக்கேயரை நினைத்துக்கொள்வேன். கோட்டைப் பக்கம் போனால் எனக்கு அவர்கள் பிடித்த ஊரைவிட அவர்களுடைய எண்ணெய்ச் செலவுதான் ஞாபகம் வருகிறது.

அப்படியானால் சில்வர்? இதைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்ல முடியும். முழங்கால் கிண்ணங்கள் இரண்டு மட்டுமே அதில் செய்வித்தேன். சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது 304 என்ற வகை. பதினெட்டு வீதம் குரோமியம், எட்டு வீதம் நிக்கல். சுத்தியலால் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே போகும் உலோகம் அது. “அண்ணை, இது அடிக்குப் படியாது, இனி என்னட்டைக் கொண்டு வராதேங்கோ” என்று பட்டறைக்காரத் தம்பி சொல்லிவிட்டான். கடற்கரையோர வீடுகளின் சில்வர்க் கைப்பிடிக் கம்பிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள், தேத்தண்ணீர் சிந்திய மாதிரிக் கறை இருக்கும். உப்புக்கு 304 முழுதாகத் தாங்காது, மொலிப்டினம் கலந்த 316 தான் தாங்கும். என் கிண்ணங்களிலும் புள்ளி விழுந்தது. ஆனால் அது சில்வரின் குற்றமில்லை. சாதாரண இரும்பை அறுத்த அதே கிறைண்டர் தட்டால் இதையும் தேய்த்திருக்கிறார்கள். இரும்புத் துகள் உள்ளே பதிந்து அதுதான் துருப்பிடித்தது. செய்விக்கப் போகிறவர்கள் புதுத் தட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். இவ்வளவையும் மீறி, தலைக்கவசத்துக்கு மட்டும் சில்வர்தான் சரி என்று இப்போது நினைக்கிறேன். டைட்டேனியம் கடல் தண்ணீருக்கே அசையாது, பாரமும் இரும்பில் பாதிக்குச் சற்று மேல்தான். மச்சானின் நண்பனுடையதை ஒரு படத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம்.

இனிப் பரல். இது என் கண்டுபிடிப்பு இல்லை, எஸ்.சி.ஏ. காரர் நெடுங்காலமாகச் செய்துவருவது. அவர்களுக்கு ஊறுகாய்ப் பரல், எங்களுக்குத் தண்ணீர்ப் பரல். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முன்னர் அதற்குள் என்ன இருந்தது. மருந்து, அமிலம் வந்த பரல் வேண்டாம், லேபிள் கிழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பரலின் வளைவே உடம்பின் வளைவுக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். மீதியைச் சிரட்டைத் தணலுக்கு எட்டப் பிடித்து வளைத்தேன். முதல் தகடு கிட்டப் போய்ச் சொட்டுச் சொட்டாக ஒழுகிவிட்டது, ஆகவே எட்டப் பிடியுங்கள்.

முதலில் சின்னத் தகடுகளாக வெட்டி, தூண்டிலுக்குப் போடும் நைலோன் நரம்பான தங்கூசியால் கோத்தேன். தவறு. தங்கூசி முடிச்சு நிற்காது, துளையையும் அறுத்துவிடும். வலைக்கடை நைலோன் கயிறு போட்டபோது நின்றது, ஆனால் நீல நிறத்தை என்ன செய்வது? இந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ற் ஒட்டாது, நகத்தால் சுரண்டினாலே உரியும். ‘தண்ணி பவுசர்’ என்ற பட்டம் ஒரு மாதம் என்னோடு இருந்தது.

விடை 1361 இல் இருந்தது. சுவீடனின் கொட்லாந்துத் தீவில், விஸ்பி நகரத்துக்கு வெளியே அந்த வருடம் ஒரு போர் நடந்தது. இறந்தவர்களைக் கவசத்தோடேயே குழிகளில் போட்டு மூடியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் தோண்டியபோது கிடைத்தவற்றில் தகடுகளைத் துணிக்கு உட்புறம் தறைந்த அங்கிகள் இருந்தன. வெளியே தெரிவது துணியும் ஆணித் தலைகளும் மட்டும். ஆகவே படங்குத் துணியில் அங்கி தைப்பித்து உள்ளே பரல் தகடுகளைத் தறைந்தேன். இப்போது பத்தடி தள்ளி நின்று பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தறையாணி செம்பில் போடுங்கள். முதல் அங்கிக்கு இரும்பாணி அடித்தேன், ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் துணியில் வெற்றிலை துப்பியது போல ஒரு வட்டம்.

பராமரிப்பு என்று பார்த்தால்: உவர்த் தண்ணீரானாலும் பரவாயில்லை, கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக் கொடியில் போட்டால் முடிந்தது. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். கைக்கு மச்சான் தந்த ஐஸ் ஹொக்கிக் கையுறை, வாளின் பிடிக்கு மேல் கூடை மறைப்பு. ஞாயிறு காலை ஐந்தரைக்கு அறுவடை முடிந்த வயலில் ஐந்து பேர் ஆடுகிறோம், ஏழரைக்கு வெயில் துரத்திவிடும். கிராம சேவகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தலைக்கவசமும் தடியுமாக ஐந்து பேர் வெளிக்கிட்டால் சனம் விளையாட்டு என்று நினைக்காது.

குறைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக்குள் காற்றுப் போகாது, பாரம் குறைவே தவிர வேர்வை குறைவில்லை. விலாவில் பலமான அடி விழுந்தால் தகடு வளைந்து கொடுத்து உள்ளே வலி தெரிகிறது, மெத்தை சற்றுத் தடிப்பாக வேண்டும். எங்களில் யாரும் மச்சானின் ஆட்கள் அளவுக்கு ஓங்கி அடிப்பவர்களில்லை, அங்கே இது எப்படித் தாங்கும் என்று அவன் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். வெயிலில் கிடந்த பரல் வெளிறி வெடிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம், என் தகடுகள் துணிக்குள் இருப்பதால் இதுவரை தப்பியிருக்கின்றன. ஐந்தாவது வருடம் பற்றி ஐந்தாவது வருடத்தில்தான் சொல்ல வேண்டும். விற்பனை மதிப்புச் சுழியம். ஆனால் இரும்புக் கவசத்தையும் இங்கே யார் வாங்கப் போகிறார்கள்?

பழைய தலைக்கவசம் இப்போது மூடி இறுகிய இருபது லீற்றர்ப் பெயின்ற் வாளிக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய சிலிக்கா பைகளோடு, எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருக்கிறது. மச்சான் மார்கழியில் வரும்போது 316 இல் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மா அவனிடம் ஒரு புதுப் பரலும் கேட்டிருக்கிறா.